கறுப்புக் கட்டமும் செவலை மாடும்

காலை ஐந்து மணி பத்து நிமிடம். என் கைப்பேசித் திரையில் நான்கு கட்டங்கள்.

முதல் கட்டத்தில் நான், சமயநல்லூரில் எங்கள் வீட்டு அடுப்படி வாசலில், முடியை அள்ளிச் சொருகிக்கொண்டு. இரண்டாவதில் நஸ்ரின், மதுரை நெல்பேட்டையில், பாதித் தூக்கத்தில் முக்காட்டைச் சரிசெய்தபடி. மூன்றாவதில் உசிலம்பட்டிப் பாண்டி. சிக்னலுக்காக மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். நான்காவது கட்டம் மட்டும் கறுப்பு. அதன் நடுவில் 'செ' என்று ஒரே ஓர் எழுத்து.

அந்தக் கறுப்புக் கட்டத்துக்குள்ளிருந்து அன்று கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. மைக்கை அணைக்க மறந்திருந்தாள். ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம்.

"செல்வி, அங்க என்ன சத்தம்?" என்றேன்.

சத்தம் நின்றது. மைக்கின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. பதில் எழுத்தில் வந்தது: 'ஒண்ணுமில்ல. ஏழாவது கேள்விக்கு விடை சி.'

சி-தான் சரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் குடும்பச் சொத்து

போன வாரம் இந்தத் தொடரைப் படித்துவிட்டு அப்பா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. 'ஊருக்கே நம்மளச் சந்தேகப் பிராணின்னு எழுதிட்டியே' என்று அம்மாவிடம் புலம்பினாராம். அவரிடம் ஒரு வார்த்தை. அப்பா, இந்த வாரம் நான் எழுதப்போவது என்னைப் பற்றி. நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம்.

ஆனால் உண்மையை மறைக்க முடியாது. எங்கள் வீட்டில் சந்தேகம் தலைமுறை தலைமுறையாக வரும் சொத்து. கேஸ் சிலிண்டர் வந்தால் அப்பா எடை போட்டுப் பார்ப்பார். தபால் உறையை ஒட்டினால் ஒட்டிய இடத்தின் மேல் குறுக்கே கையெழுத்துப் போடுவார். அம்மா சர்ச்சுக்குப் போகும்போது கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பாதி வழியில் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பார்.

அப்பா மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் அலுவலக கிளார்க். நான் பிறப்பதற்கு முன்பு அந்தப் பள்ளியில் அரையாண்டுக் கேள்வித்தாள் வெளியே போய்விட்டதாம். அடுத்த பரீட்சைக்கு அப்பா ஒவ்வொரு ஆசிரியருக்கும் போன பிரதியில் வெவ்வேறு இடத்தில் பேனாவால் ஒரு சின்னப் புள்ளி வைத்தார். வெளியே போன தாளில் புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்த்தார். ஆள் அகப்பட்டார். இந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸ்கூடக் கழிந்ததில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பெண் ஓர் இணையப் படிப்புக் குழு ஆரம்பித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆள் எடுத்த கதை

ஊரடங்கு தளர்ந்தும் தளராமலும் இருந்த வருஷம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தேன். தேசிய அளவிலான சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும் என்பது என் பிடிவாதம். கோச்சிங் சேர எங்களுக்கு வசதி இல்லை. தேர்வு முழுக்க ஆங்கிலத்தில் நீளநீளமான பத்திகள். ஒரு சட்டத் தத்துவத்தைச் சொல்லி, ஒரு சம்பவத்தைக் கொடுத்து, இதற்கு அது பொருந்துமா என்று கேட்பார்கள். தப்பாக எழுதினால் கால் மதிப்பெண் பிடித்துக்கொள்வார்கள். தனியாகப் படித்தால் தலை சுற்றியது.

மாணவர்கள் இருக்கும் ஒரு பொதுக் குழுவில் எழுதினேன்: 'மதுரைப் பக்கம் யாராவது லா என்ட்ரன்ஸ் எழுதுறீங்களா? காலைல சேர்ந்து படிப்போம்.'

பதில்கள் குவிந்தன. ஒருவன் முதல் கேள்வியாக என் போட்டோவைக் கேட்டான். ஒருவர் கோச்சிங் சென்டர் ஏஜென்ட். இன்னொருவர் மூலிகை எண்ணெய் விற்றார். மற்ற எல்லோரிடமும் பள்ளி அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அத்தோடு முக்கால்வாசிப் பேர் ஓடிவிட்டார்கள்.

நஸ்ரின் என் பள்ளித் தோழி, அவளுக்கு அட்டை தேவையில்லை. பாண்டி மாட்டுக் கொட்டகையில் நின்று அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் அனுப்பினான். பின்னால் ஒரு பசு கேமராவை முறைத்துப் பார்த்தது. அதை நம்பினேன்.

நான்காவது ஆள் செல்வி. ஊர் கப்பலூர் என்றாள். அட்டை தொலைந்துவிட்டது என்றாள். சரி, போகட்டும் என்று தட்டிக்கழிக்கும் நோக்கத்தோடு பத்துக் கேள்விகள் அனுப்பினேன். கால் மணி நேரத்தில் ஒன்பது சரியான விடைகள் திரும்பி வந்தன. வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, நம்பவும் மனசு வரவில்லை. சேர்த்துக்கொண்டேன்.

இட்லி ஒப்பந்தம்

எங்கள் முறை இது. ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஆறரைக்கு முடிப்போம். ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு பத்தியும் கேள்விகளும் தயாரிக்க வேண்டும். கூடவே தமிழில் ஒரு விளக்கம். சனிக்கிழமை நான் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி அனுப்புவேன். அதற்கு 'செட்' என்று பெயர்.

விளக்கம் எழுதுவதில் செல்வியை மிஞ்ச ஆளில்லை. ஒப்பந்தம் எப்போது ஏற்படுகிறது என்பதற்கு அவள் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: 'ரெண்டு இட்லி கேட்டாச்சு. இலையும் போட்டாச்சு. சட்னியும் ஊத்தியாச்சு. இப்ப எந்திரிச்சுப் போனா அது ஒப்பந்த மீறலா, இல்லையா?' பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். "இந்த ஒண்ணுலயே எனக்கு ஒப்பந்தம் அம்புட்டும் வெளங்கிருச்சு," என்றான்.

எனக்கும் விளங்கியது. ஆனால் என் மூளை வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. இவள் ஏன் கேமராவைப் போடுவதில்லை? ஏன் தினமும் ஆறு பத்துக்குச் சொல்லிவைத்தாற்போலக் காணாமல் போகிறாள்? எந்தப் பள்ளி என்று கேட்டால் ஏன் பேச்சை மாற்றுகிறாள்? விண்ணப்பப் படிவங்களை எல்லோருக்கும் நானே நிரப்பித் தருவதாக ஏற்பாடு, அப்பா பள்ளியில் ஸ்கேனர் இருந்தது. மற்ற இருவரும் சான்றிதழ்களை அனுப்பிவிட்டார்கள். செல்வி மட்டும் 'அடுத்த வாரம் அனுப்புறேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு நோட்டில் தேதி போட்டு இதையெல்லாம் எழுதி வைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையிலேயே எழுதி வைத்தேன்.

ஒரு விரல் தட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை நஸ்ரின் போன் செய்தாள். குரலில் பதற்றம். "எஸ்தரு, எங்க பெரியம்மா மக பர்ஹானா இருக்கால்ல, அவ கைல நம்ம செட்டு இருக்குடி. பிரிண்ட் போட்டு, பைண்ட் பண்ணி! அவ கோச்சிங் கிளாஸ்ல நெறயப் பிள்ளைங்ககிட்ட இருக்காம்."

"நம்ம செட்டுன்னு எப்படித் தெரியும்?"

"இட்லி ஒப்பந்தம் இருக்குடி. வேற யாரு அப்படி எழுதுவா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ராப்பகலாக உட்கார்ந்து நாங்கள் எழுதியது ஊரெல்லாம் சுற்றுகிறது. போட்டித் தேர்வு இது. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் எங்களோடு போட்டி போடுகிறவர்கள். நோட்டை எடுத்துப் பார்த்தேன். கறுப்புக் கட்டம். தராத அட்டை. தராத சான்றிதழ். கடகடவென்று ஓடும் இயந்திரம். அச்சடிக்கிற இயந்திரம்தான் அது, வேறென்ன? எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

மறுநாள் காலை வகுப்பு ஆரம்பிக்கும்போதே கேட்டேன். "செல்வி, இன்னைக்குக் கேமராவப் போடணும். இப்பவே."

அவள் குரல் மெதுவாக வந்தது. "எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. நானே சொல்றேன்."

"எதைச் சொல்லப்போற? எங்க செட்ட யாருக்குக் குடுத்தேன்னா?"

"என்ன செட்டு? யாருக்கு?"

நடிக்கிறாள் என்று நினைத்தேன். பெயரை அழுத்தினேன், 'நீக்கு' என்பதைத் தட்டினேன். வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்தேன். நான்கு கட்டங்கள் மூன்றாயின.

பாண்டி தொட்டியிலிருந்து எழுந்தே விட்டான். "ஏ எஸ்தரு, என்ன காரியம் பண்ற? ஆளு பேசிக்கிட்டு இருக்கும்போதே தூக்கிட்ட? போன வாரந்தேன் ஒரு ஆளத் தண்டிக்கிறதுக்கு முன்னாடி அவன் தரப்பக் கேக்கணும்னு நீயே பாடம் எடுத்த!"

"அது பாடம். இது வேற," என்றேன்.

இதை எழுதும்போது எனக்குக் காது சூடாகிறது. அன்று அப்படித்தான் சொன்னேன்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நல்ல காரியம். மொகத்தக் காட்டாத ஆளு எதுக்கு?" என்றார். அன்று எனக்கு அந்தச் சான்றிதழே போதுமாக இருந்தது.

மூன்று நிறத்தில் ஒரு மாடு

இரண்டு வாரம் கழித்து நஸ்ரின் மறுபடி போன் செய்தாள். புதிய செட்டும் பர்ஹானாவின் வகுப்பில் வந்துவிட்டது. செல்வியை நீக்கிய பிறகு எழுதிய செட் அது.

நியாயமாகப் பார்த்தால் நான் அன்றைக்கே கப்பலூருக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். எனக்கோ வேறு எண்ணம் வந்தது. அப்படியானால் மிச்சமிருக்கும் இரண்டு பேரில் ஒருவர்.

நஸ்ரினோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நான். அவள் டப்பாவிலிருந்து எடுத்துத் தின்ற சோற்றுக்குக் கணக்கே கிடையாது. அவளையும் நோட்டில் எழுதினேன். பர்ஹானாவின் பேச்சை முதலில் கொண்டுவந்ததே அவள்தானே என்று எழுதினேன். பாண்டி ஏன் செல்விக்காக அவ்வளவு கோபப்பட்டான் என்றும் எழுதினேன்.

அப்பாவின் புள்ளி கைகொடுத்தது. அந்த வாரம் வளர்ப்பு விலங்குகள் செய்யும் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று ஒரு செட் தயாரித்தேன். ஒருவனுடைய மாடு வேலி தாண்டிப் போய்ப் பக்கத்துத் தோட்டத்துச் சோளத்தைத் தின்றுவிடுகிறது. வேலி சரியில்லாதது யார் தப்பு, மாட்டுக்காரன் பொறுப்பா, இப்படிக் கேள்விகள். நஸ்ரினுக்கு அனுப்பிய பிரதியில் அது வெள்ளை மாடு. பாண்டிக்கு அனுப்பியதில் கறுப்பு மாடு. என்னிடம் இருந்த மூலத்தில் செவலை.

வியாழக்கிழமை நஸ்ரின் ஒரு படம் அனுப்பினாள். பர்ஹானாவின் கையில் இருந்த தாள். கண்ணை விரித்துப் படித்தேன். செவலை மாடு.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. செவலை யாருக்குமே போகவில்லையே? என் போனை யாரோ திறந்திருக்கிறார்களா? சாப்பிட உட்காராமல் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்பா ரசத்தை ஊற்றியபடி கேட்டார். "பாண்டிக்குக் கறுப்பு, நஸ்ரினுக்கு வெள்ள. சரி. ஒன் காப்பிய எங்க குடுத்த?"

"நான் யாருக்குக் குடுக்கப்போறேன்? பிரிண்ட் எடுக்க..."

அப்படியே நின்றுவிட்டேன். அப்பாவும் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

சுவரில் ஒட்டிய எண்

உங்கள் ஊர் ஜெராக்ஸ் கடைச் சுவரிலும் ஒரு வாட்ஸ்அப் எண் ஒட்டியிருக்கும். 'இந்த நம்பருக்கு அனுப்புங்க' என்பார்கள். நாம் அனுப்புவோம். ஆதார், பாஸ்புக், ஜாதிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, மருத்துவ ரிப்போர்ட். யாரும் அழிக்கச் சொல்வதில்லை. யாருக்கும் அது தோன்றுவதுகூட இல்லை.

சிலிண்டரை எடை போடும் எங்கள் குடும்பத்துக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் செட்டை அப்பா பள்ளிக்கு எதிர்க் கடையின் எண்ணுக்கு அனுப்புவேன். அப்பா போய் வாங்கி வருவார். கடைக்காரரை நாங்கள் எல்லோரும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவோம்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவோடு கடைக்குப் போனேன். வாசலில் க்ளிப் போட்டு எங்கள் செட்டுகள் வரிசையாகத் தொங்கின. சுருள் கம்பி பைண்டிங். நீல அட்டை.

"அண்ணே, இது யாரு குடுத்தது?"

"நீதேன் பாப்பா அனுப்புன," என்றார் அவர், துளி பயமில்லாமல். "லா மெட்டீரியல் இருக்கான்னு ரெண்டு பிள்ளைக கேட்டுச்சு. ஒன்னோடது இருந்துச்சு. போட்டுக் குடுத்தேன். இப்ப அம்புட்டுப் பேரும் அந்த இட்லிப் பொஸ்தகம் இருக்கா அண்ணேன்னு வாராக. நல்லாத்தேன் எழுதியிருக்க!"

நல்லது செய்ததாகவே அவர் நம்பினார். அவரிடம் கோபப்பட என்னால் முடியவில்லை. கோபம் முழுக்க என் மேலேயே திரும்பியிருந்தது. அந்த இட்லியை எழுதியவள் எங்கே?

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. செல்விக்கு நான் நிரப்பித் தருவதாகச் சொன்ன விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

கப்பலூர்

நான் அழைத்தபோது செல்வி போனை எடுக்கவில்லை. நஸ்ரினிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளை மாடு உட்பட. "என்னையுமாடி சந்தேகப்பட்ட?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அத அப்பறம் பேசுறேன். மொதல்ல அவ வேலையப் பாப்போம்," என்றாள். அவள் அழைத்ததும் செல்வி எடுத்திருக்கிறாள். தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு டிபன் கடை என்று அடையாளம் கிடைத்தது.

அப்பாவோடு ஸ்கூட்டரில் போய் இறங்கும்போது பதினொரு மணி இருக்கும். காலைக் கூட்டம் முடிந்து பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கல்லாவில் வயதான ஓர் அம்மா. பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நைட்டிமேல் துண்டு, நெற்றியில் வியர்வை. மூலையில் ஒரு பெரிய கிரைண்டர், ஓரமெல்லாம் தேங்காய்ச் சட்னி.

அந்தக் கிரைண்டரைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் அச்சு இயந்திரம் அதுதான்.

"எஸ்தருதான?" என்றார். குரல் அதே குரல்.

"ஆமாங்க்கா," என்றேன்.

அவர் துணியைப் பெஞ்சில் வைத்தார். "பாத்தியா," என்றார். "இதுக்குத்தேன் கேமராவப் போடல."

"என்னக்கா?"

"இப்பவே ரெண்டு தடவ அக்கான்னுட்ட. நீங்கள்லாம் பதினேழு, பதினெட்டு வயசுப் பிள்ளைக. எனக்கு முப்பத்திமூணு. மொகத்தப் பாத்தா நாளைலருந்து அக்கா அக்காம்பீங்க. அப்பறம் நான் தப்பாச் சொன்னா யாரு தப்புன்னு சொல்லுவீங்க? 'பரவால்லக்கா, கிட்டத்தட்ட சரிதேன்'ம்பீங்க. பாண்டி என்னைய ஒரு நா 'ஏ மக்கு, ரெண்டாவது வரியப் படி'ன்னு திட்டுனான் தெரியுமா? பள்ளிக்கூடம் முடிச்சுப் பதினஞ்சு வருசத்துல என்னைய யாரும் அப்படித் திட்டுனதில்ல. எம்புட்டு நல்லா இருந்துச்சு!"

நான் அழுதுவிட்டேன். அப்பா ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

அவருக்கு விவாகரத்து வழக்கு நடந்ததாம். "என்னையப் பத்தி எனக்கு முன்னாடியே ரெண்டு வக்கீலு இங்கிலீசுல பேசுனாக. முடிஞ்சதும் 'போம்மா, ஒனக்குச் சாதகந்தேன்'னாக. எது சாதகம்னு வீட்டுக்கு வர்ற வரைக்கும் வெளங்கல. அன்னைக்கு முடிவு பண்ணேன்," என்றார். ஆறு பத்துக்கு முதல் ஷிப்ட் ஆட்கள் சாப்பிட வருவார்கள், அதனால்தான் காணாமல் போனார். சான்றிதழில் பிறந்த வருஷம் இருந்தது, அதனால்தான் அனுப்பவில்லை.

செட்டு வெளியே போனது ஜெராக்ஸ் கடையால்தான் என்று சொல்லி, "மன்னிச்சிருங்க," என்றேன்.

"மன்னிக்கிறது இருக்கட்டும். சாயங்காலத்துக்குள்ள பாரம் போட முடியுமா, முடியாதா?"

சான்றிதழ்கள் ஒரு துணிக்கடைப் பையில் பத்திரமாக இருந்தன. போட்டோவுக்கு வெள்ளைப் பின்னணி வேண்டும் என்றது தளம். கடையின் பழைய பிளெக்ஸ் பேனரைத் திருப்பிப் பிடித்து எடுத்தோம். படத்தின் அளவைக் குறைக்க முடியாமல் திணறியபோது அப்பா பழக்கதோஷத்தில், "ஜெராக்ஸ் கடை நம்பருக்கு அனுப்பு, அவரு..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்தினார். செல்வி மட்டும்தான் சிரித்தார். மூன்று மணிக்கு விண்ணப்பம் ஏறியது.

கொடுக்காத ஒன்று

மறுநாள் காலை நான்கு கட்டங்கள். நான்காவதில் முகம் இருந்தது, பின்னால் கிரைண்டர் இருந்தது. 'அக்கா' என்று சொல்பவர் ஒரு பத்தி கூடுதலாக எழுத வேண்டும் என்று செல்வியே சட்டம் போட்டார். பாண்டிதான் முதல் நாளே இரண்டு பத்தி எழுதினான்.

அவர் இல்லாத வாரங்களின் செட்டுகளை எல்லாம் கொடுத்தேன். ஒன்றைத் தவிர. மாட்டு செட்டைக் கொடுக்கவில்லை. அதைப் பார்த்தால் ஏன் மூன்று நிறம் என்ற கதை வரும், என் நோட்டு வரும், என் புத்தி வெளியே வரும். மற்ற இருவரிடமும் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு செட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான் காரணம். வேறு பெயர் வைக்கத் தேவையில்லை.

தேர்வு முடிந்து மதுரையில் அந்த மையத்தின் வாசலில் நான்கு பேரும் நின்றோம். நேரில் சேர்ந்து நின்றது அன்றுதான் முதல் தடவை. ஆளுக்கொரு ஜிகர்தண்டா.

செல்வி சொன்னார்: "எல்லாம் ஓரளவுக்குப் போட்டுட்டேன். அந்த வளப்பு நாயி, மாடு பத்தி ஒரு பத்தி வந்துச்சுல்ல, அது மட்டும் பிடிபடல. அஞ்சாறு கேள்வி போச்சு. நாம அதப் பாக்கவே இல்லல்ல?"

"பாத்தமே, அந்தக் கறுப்பு மாடு..." என்று ஆரம்பித்த பாண்டி என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான். நஸ்ரின் கையிலிருந்த டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

நான் அப்போதும் சொல்லவில்லை.

முடிவு வந்தது. எனக்கு இடம் கிடைத்தது. பாண்டிக்கும் நஸ்ரினுக்கும் வேறு வேறு ஊர்களில் கிடைத்தது. செல்விக்குக் கிடைக்கவில்லை. எத்தனை மதிப்பெண்ணில் நழுவியது என்று பார்த்தேன். அந்தப் பத்தியின் கேள்விகள் அளவுக்குக்கூட இல்லை.

அன்று சாயங்காலம் அவரை அழைத்து முழுதும் சொன்னேன். நோட்டு, மூன்று நிறம், மறைத்தது எல்லாம். மறுமுனையில் கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதை அணைக்கும் சத்தம்.

"நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு வந்துரு," என்றார். "அடுத்த வருசத்துக்கு எனக்கு எல்லா செட்டும் வேணும். அந்த மாட்டு செட்டும் வேணும். மூணு கலர்லயும்."

ஒரு வருஷம் விடுதிகளிலிருந்து நாங்கள் மூன்று பேரும் அவர் ஒருவருக்காக ஐந்து மணிக்கு எழுந்தோம். தப்பு என்றால் தப்பு என்றோம். அவர் எங்களைவிடச் சத்தமாகச் சொன்னார்.

அடுத்த வருஷம் எங்கள் கல்லூரியிலேயே இடம் கிடைத்து வந்தார். முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் என் வகுப்புத் தோழிகளோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. சீனியர் யாராக இருந்தாலும் ஜூனியர்கள் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். நேராக என் மேஜைக்கு வந்து நின்றார், கையில் ஒரு நோட்டு.

"வணக்கம்க்கா," என்றார்.

மேஜையே சிரித்தது. முப்பத்துநாலு வயதுப் பெண் பத்தொன்பது வயதுப் பெண்ணை அக்கா என்கிறார் என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்றேன்.

"ஒரு கேள்விக்கு விடை எழுதியிருக்கேன்க்கா," என்று நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார். "தப்பா இருந்தா மூஞ்சிக்கு நேராச் சொல்லிரணும். மனசுக்குள்ள வச்சுக்கக் கூடாது."

படித்தேன். மூன்றாவது வரியில் தப்பு இருந்தது. சொன்னேன்.